மொராக்கோவின் பாறையும் நமது அடியுர மூட்டையும்

ஒரு நாட்டுக்கு உலக அரங்கில் எவ்வளவு செல்வாக்கு இருக்கிறது என்ற பேச்சு வந்தால், எண்ணெய், எரிவாயு, அண்மைக் காலமாக லித்தியம், அருமண் தனிமங்கள் என்று ஒரு பட்டியலை நாம் உடனே எடுத்து வைக்கிறோம். வயலுக்குப் போடும் உரத்தை அந்தப் பட்டியலில் சேர்ப்பவர்கள் குறைவு. சொல்லிக்கொள்ளும்படியான எண்ணெய் வளம் இல்லாத, அண்டை நாடான அல்ஜீரியாவுக்கு வாய்த்த எரிவாயுவும் வாய்க்காத மொராக்கோ, கடந்த ஐம்பது ஆண்டுகளில் ஆப்பிரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வாஷிங்டனிலும் தனக்கென ஓர் இடத்தை எப்படிப் பிடித்தது என்று பார்க்கத் தொடங்கினால், அந்த விடுபட்ட பொருள்தான் முன்னால் வந்து நிற்கிறது. உரத்துக்கு மூலப்பொருளான பாஸ்பேட் பாறை பூமிக்கடியில் கிடப்பதனால் மட்டும் இந்த இடம் கிடைத்துவிடவில்லை என்பதும், பிற நாடுகளின் விளைநிலங்கள் அதை எதிர்பார்த்து நிற்கும்படி அந்நாடு காரியங்களை அமைத்துக்கொண்டது என்பதும் என் கருத்து. அதை விளக்கவே இந்தப் பதிவு.

பயிருக்குத் தேவையான மூன்று முதன்மைச் சத்துகளில் தழைச்சத்தைக் காற்றிலிருந்து எடுக்கலாம். எரிவாயுவும் ஆலையும் இருந்தால் எந்த நாடும் யூரியா தயாரித்துக்கொள்ள முடியும். மணிச்சத்துக்கு, அதாவது பாஸ்பரஸுக்கு, அந்த வழி இல்லை. பாஸ்பரஸ் காற்றில் இல்லை. அதற்கு மாற்றாக வேறொரு தனிமத்தைக் கொடுத்தால் செடி ஏற்றுக்கொள்வதும் இல்லை. எருவிலும் எலும்புத் தூளிலும் ஓரளவு கிடைக்கிறது என்றாலும், இன்றைய மக்கள்தொகைக்குச் சோறு போடும் அளவுக்கு அது போதாது. ஆகவே, பல கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியில் படிந்து பாறையாக இறுகியதை வெட்டி எடுத்து, கந்தக அமிலத்தில் கரைத்து, பாஸ்பாரிக் அமிலமாக்கி, அதனுடன் அமோனியாவைச் சேர்த்துத்தான் நாம் டிஏபி என்று அழைக்கும் உரத்தைப் பெற வேண்டியிருக்கிறது.

காவிரிப் படுகையில் இந்த உரத்தின் இடம் என்ன என்பதை அங்கே பயிர் செய்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. நடவுக்கு முன் அடியுரமாக இடுவது ஒருபுறம் இருக்க, சம்பா அறுவடையை ஒட்டித் தெளிக்கும் உளுந்துக்கும் பயறுக்கும் இரண்டு சதவீத டிஏபி கரைசல் அடிப்பது வேளாண் துறை நெடுங்காலமாகச் சொல்லிவரும் பரிந்துரை. ஏக்கருக்கு நான்கு கிலோ டிஏபியை முதல் நாள் மாலையே பத்து லிட்டர் தண்ணீரில் ஊறவைத்து, மறுநாள் காலையில் அடியில் தங்கிய மண்டியைக் கலக்காமல் மேலே தெளிந்த நீரை மட்டும் இறுத்து, இருநூறு லிட்டராக்கி, பூக்கும் தருணத்தில் ஒரு முறையும் அதிலிருந்து பதினைந்து நாள் கழித்து மறுமுறையும் மாலை வேளையில் தெளிப்பார்கள். அந்த நான்கு கிலோவுக்காகத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கத்தின் வாசலில் சிட்டா நகலோடு நிற்பவர்களையும், சங்கத்தில் இருப்பு இல்லாத பருவத்தில் தனியார் கடையில் "நுண்ணூட்டம் ஒரு பை சேர்த்து எடுத்தால்தான் டிஏபி" என்ற நிபந்தனைக்குத் தலையாட்டிவிட்டு வருபவர்களையும் எங்கள் ஊர்ப் பக்கம் நான் பார்த்திருக்கிறேன். இந்தியாவில் பாஸ்பேட் பாறை இல்லாமல் இல்லை. ராஜஸ்தானில் உதய்ப்பூருக்கு அருகே ஜாமர்கோட்ராவிலும், மத்தியப் பிரதேசத்தில் சில இடங்களிலும் வெட்டி எடுக்கிறார்கள். நாட்டின் தேவைக்கு முன் அது மிகச் சிறிய அளவு. பாறையாகவோ, அமிலமாகவோ, முழு உரமாகவோ மணிச்சத்தின் பெரும்பகுதி கப்பலில்தான் வருகிறது.

உலகின் பாஸ்பேட் இருப்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மொராக்கோவிடம் இருப்பதாக அமெரிக்கப் புவியியல் ஆய்வகம் கணக்கிடுகிறது. 5,000 கோடி டன் என்பது அதன் மதிப்பீடு. மொராக்கோ தன் பிடியில் வைத்திருக்கும் மேற்கு சகாராவும் இந்தக் கணக்கில் அடக்கம். எண்ணெய்த் துறையில் சவூதி அரேபியாவுக்கோ வேறு எந்த நாட்டுக்கோ இத்தகைய பங்கு கிடையாது. ஆனால் இந்த எண்ணைக் கொஞ்சம் கவனமாகப் பார்க்க வேண்டும். 2010 வரை அதே ஆய்வகம் மொராக்கோவின் இருப்பை 570 கோடி டன் என்றுதான் எழுதிவந்தது. அந்த ஆண்டில் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திலுள்ள பன்னாட்டு உர மேம்பாட்டு மையம் பழைய ஆய்வுக் கட்டுரைகளைப் புரட்டி மறுமதிப்பீடு செய்து 5,100 கோடி டன் என்று அறிவித்தது. மறு ஆண்டே அந்த ஆய்வகத்தின் கணக்கும் ஏறக்குறைய ஒன்பது மடங்காக உயர்ந்துவிட்டது. மண்ணுக்கடியில் ஒன்றும் மாறவில்லை. "பாஸ்பரஸ் உச்சம் நெருங்கிவிட்டது, இன்னும் சில பத்தாண்டுகளில் உரமே கிடைக்காது" என்று அதுவரை எச்சரித்துவந்தவர்களின் கவலை அதன்பின் வேறு வடிவம் எடுத்தது. தீர்ந்துபோகுமா என்ற கேள்வியைவிட, ஒரே நாட்டின் கையில் இவ்வளவு சேர்ந்திருக்கிறதே என்ற கேள்வி பெரிதாயிற்று.

அந்தக் கையை முதலில் வடிவமைத்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். 1912இல் மொராக்கோ பிரான்சின் பாதுகாப்பு நாடாக்கப்பட்டபின், 1920இல் பாஸ்பேட் முழுவதையும் அரசின் ஏகபோகமாக அறிவித்து ஓசிபி என்று சுருக்கமாக வழங்கும் ஷரீபிய பாஸ்பேட் அலுவலகத்தை நிறுவினார்கள். அடுத்த ஆண்டு குரிப்கா பீடபூமியில் வெட்டத் தொடங்கி, காசாபிளாங்கா துறைமுகம் வழியாக ஏற்றுமதி செய்தார்கள். தனியார் நிறுவனங்களுக்குச் சுரங்கக் குத்தகையைப் பிரித்துக் கொடுக்காமல் ஒரே அரசு அமைப்பிடம் விட்ட அந்த முடிவு, 1956இல் விடுதலை பெற்ற மொராக்கோவுக்கு எதிர்பாராத சொத்தாக அமைந்தது. தேசியமயமாக்க வேண்டிய தேவையே எழவில்லை. ஏற்கெனவே அரசிடம் இருந்ததை அப்படியே எடுத்துக்கொண்டார்கள்.

1973 இறுதியில் எண்ணெய் நாடுகள் விலையை உயர்த்தியபோது, மன்னர் இரண்டாம் ஹசனின் அரசு அதைக் கூர்ந்து பார்த்தது. 1974 தொடக்கத்தில் பாஸ்பேட் விலை ஒரே வீச்சில் மும்மடங்காக்கப்பட்டது, அதே ஆண்டில் மீண்டும் ஏற்றப்பட்டது. இரண்டே ஆண்டுகளில் அந்த உயர்வு சரிந்தது என்பதைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். உழவர் ஓரிரு பருவம் மணிச்சத்தைக் குறைத்துக்கொள்ள முடியும், ஏனெனில் முன்பு இட்டதன் மிச்சம் மண்ணில் தங்கியிருக்கும். எண்ணெய்க்கு அப்படிப்பட்ட தாங்குசக்தி கிடையாது. வெறும் பாறையை வைத்துக்கொண்டு விலையை மட்டும் திருகினால் நெடுநாள் செல்லாது என்ற பாடம் மொராக்கோவின் தலைநகரான ரபாத்துக்கு அப்போதே கிடைத்துவிட்டது. அதன்பின் அவர்கள் போன வழி, அமிலமும் உரமும் தயாரிக்கும் வழி. சாஃபியிலும், பின்னர் ஜோர்ஃப் லாஸ்ஃபாரிலும் கடற்கரையை ஒட்டி ஆலைகள் எழுந்தன. குரிப்காவிலிருந்து ஜோர்ஃப் லாஸ்ஃபாருக்கு ரயிலில் போய்க்கொண்டிருந்த பாறை, 2014 முதல் நீரில் குழைத்த சேறாக 187 கிலோமீட்டர் நீளக் குழாயில், பெரும்பாலும் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தானே ஓடும் விதமாக அனுப்பப்படுகிறது. 2008இல், 50 டாலர் அளவில் இருந்த ஒரு டன் பாறை 400 டாலரைத் தாண்டி ஏறியபோது, கிடைத்த பணத்தை இத்தகைய கட்டமைப்பில் போட்டது பெரிய மதிநுட்பம் என்றே சொல்ல வேண்டும்.

இந்தக் கதையில் தவிர்க்க முடியாத இடம் மேற்கு சகாரா. ஸ்பெயினின் ஆட்சியில் இருந்த அந்தப் பாலைநிலத்தில் பூக்ரா என்னுமிடத்தில் பாஸ்பேட் படிவு 1940களில் கண்டறியப்பட்டது. 1970களின் தொடக்கத்தில் அதை வெட்டிக் கடற்கரைக்குக் கொண்டுசெல்ல ஏறத்தாழ 100 கிலோமீட்டர் நீளத்தில் ஒரு பட்டைக் கடத்தியை அமைத்தார்கள். உலகின் மிக நீளமான பட்டைக் கடத்தி அமைப்பு அது. பாலைக்காற்று அதிலிருந்து தூளை அள்ளித் தெற்கே வீசிக்கொண்டே இருப்பதனால், அதன் வழிநெடுக மணலில் ஒரு வெண்ணிறக் கோடு படிந்து கிடக்கிறது. செயற்கைக்கோள் படங்களில் அதை எவரும் எளிதாக அடையாளம் காணலாம். 1975 அக்டோபரில் பன்னாட்டு நீதிமன்றம், அந்த மக்களின் தன்னுரிமையை மறுக்கும் அளவுக்கான இறையாண்மை உறவு மொராக்கோவுக்கு இல்லை என்று கருத்துரைத்தது. மூன்றே வாரத்தில், நவம்பர் 6 அன்று, 3,50,000 குடிமக்களைக் குர்ஆன் பிரதிகளோடும் கொடிகளோடும் எல்லையைக் கடந்து நடக்கவைத்தார் ஹசன். நோய்வாய்ப்பட்டிருந்த சர்வாதிகாரி பிராங்கோவின் ஸ்பெயின், நவம்பர் 14 அன்று மாட்ரிட்டில் ஆட்சிப் பொறுப்பை மொராக்கோவுக்கும் மவுரித்தேனியாவுக்கும் விட்டுக்கொடுத்தது. பூக்ரா சுரங்கத்தில் 35 சதவீதப் பங்கை மட்டும் தன்னிடம் வைத்துக்கொண்டது. நாட்டைக் கொடுத்துவிட்டுப் பங்கை வைத்துக்கொள்ளும் இந்தக் கணக்கு, அந்த உடன்படிக்கையில் எது எவருக்கு முக்கியமாக இருந்தது என்பதைத் தெளிவாகவே காட்டிவிடுகிறது.

இருந்தபோதிலும், "பாஸ்பேட்டுக்காகவே மொராக்கோ சகாராவைப் பிடித்தது" என்று ஒற்றை வரியில் முடித்துவிடுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. மொராக்கோவின் மொத்த பாஸ்பேட் இருப்பில் பூக்ராவின் பங்கு இரண்டு சதவீதம் அளவுதான் என்று ஓசிபி சொல்கிறது. மேற்கு சகாராவின் விடுதலைக்காகப் போராடிய போலிசாரியோ இயக்கத்தினர் அந்தப் பட்டைக் கடத்தியைத் தாக்கியதால் 1976 முதல் சில ஆண்டுகள் சுரங்கம் முடங்கிக் கிடந்தபோதும் மொராக்கோவின் ஏற்றுமதி தொடர்ந்தது. அட்லாண்டிக் கரையின் மீன்வளம், அல்ஜீரியாவுடனான போட்டி, படைத்துறையில் இரண்டு கவிழ்ப்பு முயற்சிகளைக் கண்டிருந்த மன்னருக்கு ஒரு தேசிய நோக்கம் தேவைப்பட்டது ஆகிய எல்லாம் சேர்ந்தே அந்த நடைபயணத்தை உருவாக்கின. பாஸ்பேட்டின் பெரும்பங்கு அதற்குப் பிறகு, பிடித்த நிலத்தைத் தக்கவைத்துக்கொள்வதற்கான அரசியலில்தான் வெளிப்பட்டது.

அதற்குச் சில எடுத்துக்காட்டுகள். மேற்கு சகாராவுக்காகப் போலிசாரியோ அறிவித்த சகாராவிய அரபுக் குடியரசை ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பு உறுப்பினராக ஏற்றதை எதிர்த்து 1984இல் வெளியேறிய மொராக்கோ, 2017 ஜனவரியில் ஆப்பிரிக்க ஒன்றியத்தில் மீண்டும் சேர்ந்தது. அதற்குச் சற்று முன்பு, 2016இன் கடைசி மாதங்களில், மன்னர் ஆறாம் முகம்மது எத்தியோப்பியாவுக்கும் நைஜீரியாவுக்கும் சென்றிருந்தார். இரண்டுமே அந்தக் குடியரசை அங்கீகரித்திருந்த நாடுகள். இரண்டிலும் மன்னரின் பயணத்தை ஒட்டிப் பேசப்பட்டது உர ஆலை. தங்கள் மண்ணில் மணிச்சத்து குறைந்து, மக்காச்சோளமும் எத்தியோப்பியாவின் சிறுதானியமான தெஃபும் போதிய விளைச்சல் தராமல் தவிக்கும் நாடுகளுக்கு, உரம் தருகிறோம், ஆலையும் அமைக்க உதவுகிறோம் என்று வரும் விருந்தாளியைப் பகைத்துக்கொள்வது எளிதல்ல. 2020 டிசம்பரில் அமெரிக்கா மேற்கு சகாராவின் மீது மொராக்கோவின் இறையாண்மையை ஏற்றதற்கு இஸ்ரேலுடனான உறவே விலை. அங்கே பாஸ்பேட்டுக்கு நேரடிப் பங்கு இல்லை. சொல்லப்போனால், அதற்கு அடுத்த சில மாதங்களிலேயே, உள்நாட்டு உர நிறுவனம் ஒன்றின் முறையீட்டின் பேரில் அதே அமெரிக்கா மொராக்கோ உரத்தின் மீது, அந்நாட்டு அரசின் மானியத்தை ஈடுகட்டும் வரி விதித்தது. நட்பு வேறு, புளோரிடாவின் பாஸ்பேட் சுரங்கங்களின் நலன் வேறு.

எதிர்த்திசையிலும் இந்தச் சரக்கு அரசியலாகியிருக்கிறது. 2017 மே மாதம், பூக்ரா பாஸ்பேட்டை ஏற்றிக்கொண்டு நியூசிலாந்துக்குப் போய்க்கொண்டிருந்த என்எம் செர்ரி பிளாஸம் என்ற கப்பல் தென்னாப்பிரிக்காவின் போர்ட் எலிசபெத்தில் எரிபொருள் நிரப்ப நின்றபோது, போலிசாரியோவின் மனுவின் பேரில் நீதிமன்ற ஆணையால் நிறுத்தி வைக்கப்பட்டது. சுமார் 50,000 டன் சரக்கு. ஓராண்டு போல அங்கேயே கிடந்தது. சரக்கு சகாராவிய மக்களுக்கே உரியது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது, ஆனால் ஏலத்தில் அதை வாங்க எவரும் முன்வரவில்லை. அந்த வழக்குக்குப்பின் கப்பல்காரர்கள் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையைத் தவிர்க்கத் தொடங்கினார்கள். நியூசிலாந்தின் பசும்புல் மேய்ச்சல் நிலங்களும், அவற்றிலிருந்து உலகெங்கும் போகும் பால்பொடியும் இந்தப் பாலைவனப் பாறையை இவ்வளவு தூரம் நம்பியிருக்கின்றன என்பதைப் பலர் அப்போதுதான் அறிந்தார்கள்.

பாறை இருந்தும் செல்வாக்கு கிடைக்காத நாடும் உண்டு. பசிபிக்கில் 21 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள நவ்ரு தீவின் பாஸ்பேட்டை, பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய மூன்றும் கூட்டு ஆணையம் அமைத்து அடக்க விலைக்குத் தங்கள் பண்ணைகளுக்கு எடுத்துக்கொண்டன. 1968இல் விடுதலை அடைந்தபின் சில ஆண்டுகள் அத்தீவு மக்கள் உலகப் பணக்காரர்களின் வரிசையில் இருந்தார்கள். பிறகு படிவும் தீர்ந்தது, அறக்கட்டளைப் பணமும் மோசமான முதலீடுகளில் கரைந்தது. தீவின் நடுப்பகுதி முழுவதும் சுண்ணாம்புக்கல் முட்களாக நிற்கும் பாழ்நிலமாகிவிட்டதால், அங்கே இனி எதையும் பயிரிடவும் வழியில்லை. ஆஸ்திரேலியாவுக்காக அகதிகளைத் தடுத்துவைக்கும் முகாம் நடத்துவதும், தைவானுக்கும் சீனாவுக்கும் இடையே அங்கீகாரத்தை மாற்றி மாற்றி வழங்குவதும் அதன் பிந்தைய வருவாய் வழிகள். உரமாக்கும் ஆலையும் இல்லை, விலையை நிர்ணயிக்கும் உரிமையும் கைக்குக் காலம் கடந்தே வந்தது என்பதை மொராக்கோவோடு ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும்.

மொராக்கோவின் நிலைமையும் முற்றிலும் பாதுகாப்பானது என்று சொல்லிவிட முடியாது. உலக வயல்களுக்கு உரம் அனுப்பும் அந்நாட்டின் சொந்த வயல்கள் பல ஆண்டுகள் தண்ணீர் இன்றித் தவித்தன. 2018க்குப்பின் தொடர்ந்து வந்த வறட்சியில் அணைகள் வற்றின. 2024இல் தானிய விளைச்சல் முந்தைய ஆண்டின் 55 லட்சம் டன்னிலிருந்து 31 லட்சம் டன்னாக விழுந்தது. கோதுமைக்குப் பிரான்சையும் கருங்கடல் துறைமுகங்களையும் நம்ப வேண்டியிருக்கிறது. மேய்ச்சல் இன்றி ஆட்டு மந்தைகள் மெலிந்துபோனதால், 2025 பிப்ரவரியில் மன்னரின் கடிதம் தொலைக்காட்சியில் வாசிக்கப்பட்டது: அவ்வாண்டு பக்ரீத்துக்குக் குர்பானி கொடுப்பதைக் குடிமக்கள் தவிர்க்க வேண்டும் என்ற வேண்டுகோள் அது. அவருடைய மறைந்த தந்தை இரண்டாம் ஹசனும் இதேபோல் கேட்டுக்கொண்டதை நினைவுவைத்திருக்கும் முதியவர்களுக்குக்கூட, ஒரு தலைமுறைக்குப்பின் இந்த அறிவிப்பு வியப்பாகத்தான் இருந்திருக்கும். போதாக்குறைக்கு, பாறையை டிஏபியாக மாற்றத் தேவையான கந்தகமும் அமோனியாவும் அங்கே கிடைப்பதில்லை. இரண்டையும் இறக்குமதி செய்துதான் ஆக வேண்டும். பாரசீக வளைகுடாவில் கப்பல் தடைபட்டாலும், ரஷ்ய அமோனியா நின்றாலும் ஜோர்ஃப் லாஸ்ஃபார் ஆலைகளின் கணக்கு மாறிவிடும். அல்ஜீரியாவிலிருந்து மொராக்கோ வழியாக ஸ்பெயினுக்குச் சென்ற எரிவாயுக் குழாயை 2021 அக்டோபர் இறுதியில் அல்ஜீரியா மூடிவிட்டதை இதோடு சேர்த்து எண்ணினால், பக்கத்து வீட்டில் எரிவாயு இருந்தும் பயனில்லாத நிலை புரியும்.

இந்தியா இந்த ஆட்டத்தில் எங்கே நிற்கிறது? 1997இல் இந்திய உர நிறுவனம் ஒன்று ஓசிபியுடன் சேர்ந்து ஜோர்ஃப் லாஸ்ஃபாரில் இமாசிட் என்ற பாஸ்பாரிக் அமில ஆலையைத் தொடங்கியது. பின்னர் மற்றொரு இந்திய நிறுவனமும் அதில் பங்கு பெற்றது. 2002இல் ஒடிசாவின் பாரதீப் பாஸ்பேட்ஸ் தனியார்மயமானபோது அதை வாங்கிய கூட்டிலும் ஓசிபி இருந்தது. இவற்றுக்கு நடுவே, 1985இல் சகாராவியக் குடியரசை அங்கீகரித்திருந்த இந்தியா 2000இல் அந்த அங்கீகாரத்தைத் திரும்பப் பெற்றது. இதற்கும் உரத்துக்கும் தொடர்பு உண்டென்று புது தில்லி சொன்னதில்லை. ஆண்டுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பவர் தாமே ஒரு முடிவுக்கு வரலாம். என் முடிவு, உறவின் அச்சாணி உரம்தான் என்பது.

மறுபக்கம், டிஏபியாகவே இறக்குமதி செய்வதில் இந்தியா பெரிதும் நம்பியிருந்த சீனா, 2021 அக்டோபரிலிருந்து தன் உழவர்களுக்கு முதலிடம் என்று சொல்லி ஏற்றுமதிச் சோதனைகளைக் கடுமையாக்கியது. உலகிலேயே மிக அதிகமாகப் பாஸ்பேட் பாறை வெட்டும் நாடு அதுதான்; இருப்பில் மொராக்கோவுக்கு அருகில்கூட இல்லாவிட்டாலும், எந்த மாதத்தில் கதவைத் திறப்பது, மூடுவது என்பதனால் அது விலையை அசைக்கிறது. 2021 மே மாதத்தில் ஒரு மூட்டை டிஏபியின் அடக்க விலை 2,400 ரூபாயைத் தொட்டபோது, மத்திய அரசு மூட்டைக்கு 500 ரூபாயாக இருந்த மானியத்தை 1,200 ரூபாயாக்கி, உழவர் தரும் விலையை 1,200 ரூபாயிலேயே நிறுத்தியது. பிறகு 1,350 ரூபாயான அந்த விலை உயராமல் இருக்க, கருவூலத்திலிருந்து ஆண்டுதோறும் சிறப்பு மானியம் போய்க்கொண்டிருக்கிறது. 2025 ஆகஸ்டில் சீன வெளியுறவு அமைச்சர் வாங் யீ தில்லி வந்தபோது பேசப்பட்டவற்றில் அருமண் தனிமங்களுக்கும் சுரங்கம் துளைக்கும் எந்திரங்களுக்கும் பக்கத்திலேயே உரமும் இருந்தது. அதற்கு முந்தைய மாதம் சவூதி அரேபியாவின் மஆதன் நிறுவனத்துடன் ஆண்டுக்கு 31 லட்சம் டன் டிஏபி வாங்கும் ஐந்தாண்டு ஒப்பந்தத்தை இந்திய நிறுவனங்கள் செய்துகொண்டன.

சவூதியைச் சேர்த்துக்கொண்டது நல்ல முடிவுதான். பாறையும், கந்தகமும், அமோனியாவுக்கான எரிவாயுவும் ஒரே நாட்டில் கிடைப்பது மொராக்கோவுக்கு இல்லாத வசதி, தூரமும் குறைவு. ஆனால் ஐந்தாண்டு என்பது பத்துப் பருவம் மட்டுமே. அந்த ஒப்பந்தம் முடியும் வேளையில் விலை பேச உட்காரும்போது, தூத்துக்குடியிலும் எண்ணூரிலும் உள்ள நம் ஆலைகள் முழு உரத்துக்குப் பதில் பாறையையும் அமிலத்தையும் எவ்வளவு வாங்கி இங்கேயே டிஏபியாக மாற்றும் நிலையில் இருக்கும் என்பதைப் பொறுத்தே நமக்குப் பேரம் பேச இடம் இருக்கும். அந்தப் பாறைக்கு மறுபடியும் குரிப்காவைத்தான் கேட்க வேண்டியிருக்கும்.